கேமுக்குள் ஒளிந்திருக்கும் பெங்களூரு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் பலரும் தேடுவது கேம்தான். அதை வெளியிடும் நிறுவனத்தின் பெயர் நமக்குத் தெரியும்; உள்ளே உழைத்தவர்கள் யார் என்று தெரியாது. அப்படி உழைத்த ஒரு நிறுவனம் நம் பக்கத்திலேயே இருந்தது. அபிராமத்திலிருந்து ஓர் இரவு பஸ் பயணம்தான்.

1997-ல் பெங்களூருவில் ராஜேஷ் ராவ் தொடங்கிய துருவா இன்டராக்டிவ், இந்தியாவின் முதல் கேம் நிறுவனங்களில் ஒன்று. பிரான்ஸின் இன்போகிராம்ஸ் நிறுவனத்துக்காக 'மிஷன் இம்பாசிபிள்' கேமின் கம்ப்யூட்டர் பதிப்பில் வேலை செய்தது. பிறகு வெளிநாட்டு கேம்களுக்கு கார், கட்டடம், மனித உருவங்களை வடிவமைத்துக் கொடுப்பதே அதன் முக்கியத் தொழிலானது. மைக்ரோசாப்டின் போர்ஸா கார் ரேஸ் கேம்களிலும் அதன் கைவண்ணம் உண்டு.

கேமில் ஓடும் கார் என்பது ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களின் தொகுப்பு. முக்கோணங்கள் கூடினால் கார் வழவழப்பாகத் தெரியும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு திணறும். இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிப்பதுதான் திறமை.

அந்தத் திறமையைத் தேடிப் பெரிய நிறுவனங்கள் வந்தன. 2016-ல் ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் இதை வாங்குவதாக அறிவித்தது. 2019-ல் ஜிடிஏ கேமைத் தரும் ராக்ஸ்டார், சுமார் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன் இந்தியக் கிளையுடன் இணைத்துக்கொண்டது. துருவா என்ற பெயர்தான் மறைந்தது.

அடுத்த முறை கேம் முடிந்ததும் உடனே மூடிவிடாதீர்கள். மெனுவில் 'கிரெடிட்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். நம்மவர் பெயர்களும் அதில் இருக்கலாம்!