உஷார்! சூட்டில் நின்று, ஆறியதும் ஓடும் பழைய காரை நம்பாதீர்கள்

வீட்டில் பழைய கார் வைத்திருக்கிறீர்களா? அம்பாசடரோ, பத்மினியோ, அப்பா காலத்து ஸ்டாண்டர்டோ, எதுவாக இருந்தாலும் சரி. பாயின்ட்டைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் சாவியை எடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, சொல்லாமல் கொள்ளாமல் நடுரோட்டில் நிற்கும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். “வெயில்ல சூடாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு நாமும் கிளம்பிவிடுவோம்.

கிளம்பாதீர்கள். அது வெயிலின் வேலை மட்டும் இல்லை!

விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கம் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தாத்தா வாங்கிய அம்பாசடரை, எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டி, ஆசையாகப் பராமரித்து வந்தார்கள். கத்திரி வெயில் காலம். கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பும்போது, வேப்பூர் கூட்டுரோட்டுக்குச் சற்று முன்னால், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் இன்ஜின் சட்டென்று அணைந்தது. ஒரு திணறல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. பின்னால் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. பின்சீட்டில் குழந்தைகள் தூக்கத்தில். இருந்த வேகத்திலேயே எப்படியோ ஓரம் கட்டினார்கள்.

டீக்கடைக்காரர் ஒருவர் ஈரத்துணி கொண்டுவந்து பெட்ரோல் பம்ப் மேல் போட்டார். நல்ல மனசுதான். கொஞ்ச நேரத்தில் வண்டியும் ஸ்டார்ட் ஆனது. ஈரத்துணிதான் காப்பாற்றியது என்று எல்லாரும் நம்பினார்கள். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பம்ப்பை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவிக் கொடுத்தார்கள். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடியது. ஆறின இன்ஜின் ஓடாமல் என்ன செய்யும்?

அடுத்த முறை நின்றபோது மெக்கானிக்கை ரோட்டுக்கே வரவழைத்தார்கள். பெட்ரோல் வருகிறதா என்று பார்க்க முதலில் ஹோஸைக் கழற்றினார். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தியது. துடைத்தும் துடைக்காமலும், அடுத்து பிளக் ஒயரைப் பிடுங்கி இன்ஜின் பக்கம் நீட்டிக்கொண்டு “செல்ஃப் அடிங்க” என்றார். அதற்குள் வண்டி ஆறியிருந்தது. அதனால் கரன்ட் வந்தது. நீலப் பொறி தெறித்தது. பெட்ரோல் ஆவி குப்பென்று பற்றிக்கொண்டது.

மண்ணை வாரி இறைத்து அணைத்தார்கள். மெக்கானிக்குக் கையில் தீக்காயம். பானெட்டுக்குள் ஒயரெல்லாம் கருகிப்போயின. பிற்பாடு அந்த வண்டியின் இக்னிஷன் மாட்யூலை, அதாவது பாயின்ட்டின் வேலையைச் செய்யும் மின்னணுப் பாகத்தை, கழற்றி இன்னொரு வண்டியில் மாட்டி ஓட்டியிருக்கிறார்கள். சூடேறியதும் அந்த வண்டியும் நின்றது.

பம்ப் மேல் குற்றமே இல்லை!

ஏன் இப்படி ஆகிறது? பாயின்ட் தேய்வது கண்ணுக்குத் தெரியும். காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் பண்ணும், மேடு ஏறும்போது மிஸ் அடிக்கும். நாள் கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் படுக்கும். மாட்யூலுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உள்ளே இருப்பது நுண்ணிய மின்னணுச் சில்லு. கொதிக்கும் இன்ஜினின் ஓரத்திலேயே அதன் குடியிருப்பு. சூட்டில் உள்ளே ஓர் இணைப்பு விலகும், கரன்ட் அறுந்துவிடும். ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சூட்டுக்கும் விலகல் கொஞ்சம் கூடும். முதலில் மாதம் ஒரு தடவை நிற்கும், பிறகு வாரம் ஒரு தடவை. அப்புறம் ஒரேயடியாக!

நம் ஊர் ஒர்க்‌ஷாப்போடு முடிகிற கதை இல்லை இது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 1980-களில் இக்னிஷன் மாட்யூலை டிஸ்ட்ரிபியூட்டர் மேலேயே பொருத்தியது. சூட்டில் அது செயலிழந்து வண்டிகள் ஓட்டத்திலேயே நிற்கின்றன என்று வழக்கு வந்தது. 2000-ல் கலிபோர்னியா நீதிபதி ஒருவர், அந்த மாநிலத்தில் மட்டும் சுமார் 17 லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிட்டார். அந்த நிறுவனம் அதை எதிர்த்து வாதாடியது. அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனியையே கோர்ட்டுக்கு இழுத்த சூடு இது. விலை குறைவு என்று பெயர் தெரியாத பாக்கெட்டில் வாங்கி மாட்டும் மாட்யூலை எப்படி நம்புவது?

அறிகுறிகளைச் சொல்கிறேன், மனதில் வையுங்கள். பெட்ரோல் கோளாறு என்றால் வண்டி பெரும்பாலும் திணறும், இழுவை குறையும், இருமி இருமித்தான் நிற்கும். கரன்ட் போனால் சுவிட்சை அணைத்தது போல நிற்கும். ஆர்.பி.எம். மீட்டர் உள்ள வண்டியில், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே முள் சடாரென்று பூஜ்யத்தில் விழுந்தால் அநேகமாக இக்னிஷன்தான். ஓட்டத்தில் கரன்ட் விட்டுவிட்டு வந்தால், எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அடுத்த பொறியில் ‘டமார்’ என்று வெடிக்கும். அதைப் பட்டாசுச் சத்தம் என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். எப்போதும் சூட்டில் மட்டுமே நிற்கிறதா? அது ஒன்றே போதும், உஷாராகிவிடுங்கள்.

அடுத்தது மிக முக்கியம். எதை முதலில் பார்ப்பது?

கரன்ட்டை முதலில் பாருங்கள். பெட்ரோல் ஹோஸில் கை வைக்கும் முன்பே பாருங்கள். வண்டி நின்ற அந்த நிமிடமே பாருங்கள். ஆறவிட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை அடித்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், எல்லாரும் விலகி நில்லுங்கள்.

பிளக் ஒயரைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம்! எலெக்ட்ரானிக் இக்னிஷனில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர்களை, இன்ஜின் ஓடும்போது பானெட் பக்கமே விடாதீர்கள். ஒயரை அந்தரத்தில் தொங்கவிட்டு செல்ஃப் அடித்தால், பாய வழியில்லாத கரன்ட் திரும்பி காயிலையும் மாட்யூலையுமே பதம் பார்க்கும். கடையில் ஸ்பார்க் டெஸ்டர் கிடைக்கிறது, வாங்கி வையுங்கள். அது இல்லையென்றால் நல்ல பிளக் ஒன்றை ஒயரில் செருகி, அதன் உலோக உடம்பை கிளிப் ஒயரால் இன்ஜினோடு இறுகப் பிடிக்கவைத்து, கார்பரேட்டருக்கு எட்டாத தூரத்தில் வைத்துப் பாருங்கள்.

பொறி வரவில்லையா? ஒரு சின்ன 12 வோல்ட் பல்பும் இரண்டு ஒயரும் போதும். சாவியை ஆன் செய்து, காயிலின் பிளஸ் முனைக்கும் பாடிக்கும் நடுவே பல்பை வையுங்கள். எரியவில்லை என்றால் சாவி சுவிட்ச், ஃப்யூஸ், ஒயர் இவற்றில் கோளாறு. எரிந்தால், பல்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை காயிலின் மைனஸிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு மினுக்மினுக்கென்றால் மாட்யூல் வேலை செய்கிறது. காயில், ரோட்டர், கேப் பக்கம் தேடுங்கள். மினுக்கவே இல்லையென்றால் மாட்யூல், அதற்கு வரும் ஒயர், எர்த் இவற்றைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளேட் அசைந்து அசைந்து, ஒயரின் மேல்தோல் முழுதாக இருக்கும்போதே உள்ளே கம்பி அறுந்திருக்கும். லேசாக இழுத்துப் பாருங்கள், ரப்பர் போல நீளும். பலபேர் இதைத் தவறவிட்டு நல்ல மாட்யூலைத் தூக்கி எறிகிறார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது கோளாறு பிடிபடவில்லை என்றால், இன்ஜின் ஓடும்போது மாட்யூலுக்கு மட்டும் ஹேர் டிரையரால் சூடு காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் கசிவு துளியும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான்! சூடேறி இன்ஜின் நின்றால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது.

விருத்தாசலம் பீங்கான் ஊர். மயிரிழை விரிசல் விழுந்த பீங்கான் மின்சாரத்தைத் தாங்காது என்று அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைக் கழுத்தும் பீங்கான்தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினைத் தள்ளி நின்று பாருங்கள். பிளக் கழுத்திலோ கேப் மேலோ நீலக்கோடு ஊர்ந்தால் கரன்ட் கசிகிறது. தொடாதீர்கள், மாற்றுங்கள்.

மாட்யூலை நாமே கொல்வதும் உண்டு. இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவிட்டுப் பாட்டு கேட்பது ஒன்று. பேட்டரி மாற்றும்போது பிளஸ், மைனஸை மாற்றி மாட்டுவது இன்னொன்று. மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றாமல் பாடி வெல்டிங் செய்தாலும் போச்சு. அப்புறம் காயில். 3 ஓம் காயிலில் சுமார் 4 ஆம்பியர் பாயும். ‘பவர்ஃபுல்’ என்று கடைக்காரர் கொடுக்கும் 1.5 ஓம் காயிலில் 8 ஆம்பியர். மாட்யூலுக்கு என்ன ஓம் காயில் வேண்டும் என்று பார்க்காமல் மாட்டினால் அதை வறுத்தெடுத்துவிடும்.

அம்பாசடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. பழைய வண்டி சாமான்களில் போலி நடமாட்டம் அதிகம். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

ஓட்டத்தில் நின்றுவிட்டால் பதறி சாவியை முழுக்கத் திருப்பி உருவிவிடாதீர்கள். ஸ்டியரிங் லாக் உள்ள வண்டி பூட்டிக்கொள்ளும்! சர்வோ பிரேக் இருந்தால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி, அப்புறம் பிரேக் கல்லாகிவிடும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தில் ஓரம் கட்டுங்கள். குழந்தைகளை இடதுபக்கமாக இறக்கி, ரோட்டை விட்டு நன்றாகத் தள்ளி நிறுத்துங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது, தள்ளுவதற்குக்கூட. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. பற்றிக்கொண்டால் 101. காருக்குள் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும், சீட்டுக்கு அடியில், கைக்கு எட்டுகிற மாதிரி.

கழற்றிய பாயின்ட், கண்டன்சர் செட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; வழியில் மாட்யூல் கைவிட்டால் அதுதான் கைகொடுக்கும். பழைய 3 ஓம் காயிலோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். கூடவே ஃபீலர் கேஜும் சின்ன ஸ்க்ரூடிரைவரும். பழைய அம்பாசடருக்குப் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ.; அதை ஒரு சீட்டில் எழுதி டப்பா மூடிக்குள் ஒட்டிவிடுங்கள்.