போற்றுதலும் ஒரு பாரபட்சம்

பெண்களின் உரிமைகளையும் கடமைகளையும் குறித்து ஜனங்கள் உள்ளத்தில் கொண்டிருக்கும் அபிப்பிராயத்தை எண்ணால் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு, ஜேனட் ஸ்பென்ஸும் ராபர்ட் ஹெல்ம்ரிச்சும் 1972இல் அமெரிக்காவில் 55 வாக்கியங்கள் கொண்ட வினாத்தொகுதி ஒன்றை இயற்றினார்கள். வாக்கியங்கள் ஒளிவுமறைவற்றவை, ஆகவே காலப்போக்கில், பெண்ணுக்குச் சம உரிமை கூடாது என்று எழுத்தில் ஒப்புக்கொள்வது அநாகரிகம் எனக் கற்றுக்கொண்ட கல்லூரி மாணவர்கள், மனம் மாறியோ மாறாமலோ, விடையை மாற்றிக்கொண்டார்கள். அனைவரும் உத்தமர்களாகவே தேறும் பரீட்சையால் ஆவதென்ன?

1996இல் பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற மனோதத்துவ நிபுணர்கள் வேறு வாசல் வழியாகப் புகுந்தார்கள். அவர்கள் தொகுத்த 22 வாக்கியங்களில் பாதி, பெண்கள் ஆண்களை அடக்கியாளப் பார்க்கிறார்கள், அற்ப விஷயத்துக்கும் குறைப்படுகிறார்கள் என்பன போன்ற பகைமையைத் துருவிப் பார்ப்பவை. அதில் புதுமை அதிகமில்லை. மற்றப் பாதிதான் விசேஷம். ஆடவரிடத்தில் அரிதான தூய்மை பெண்ணிடம் உண்டு, அவளைப் போற்றிக் காப்பது புருஷனின் தர்மம், அவளின்றி அவன் வாழ்வு பூரணமாகாது என்றெல்லாம், மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கக்கூடிய கருத்துக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள் என்று 0 முதல் 5 வரை குறிக்கச் சொன்னார்கள். எதற்கும் ஆமாம் போடும் சுபாவக்காரர் பிடிபடும் பொருட்டுச் சில வாக்கியங்களைத் தலைகீழாகவும் திருப்பி வைத்தார்கள். காக்கப்பட வேண்டியவள் என்று ஒருத்தியைக் கருதுகிறவர், தன்னைத் தானே காத்துக்கொள்ள அவளால் இயலாது என்பதையும் சேர்த்தே கருதுகிறார் என்பது அவர்கள் துணிபு. (பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கும் ஒவ்வொருவரையும் சந்தேகிக்க வேண்டுமா என்று வாசகர் கேட்கலாம், அளக்கப்பட்டது செயலன்று, மனப்பாங்கு.)

இக்கருவியைக் கொண்டு 19 தேசங்களில் 15,000க்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆராய்ச்சி 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பகைமை மிகுந்த நாடுகளில் போற்றுதலும் மிகுந்தே இருந்தது; ஆண்களின் சராசரி இவ்விரண்டிலும் உயர உயர, அரசியலிலும் பொருளாதாரத்திலும் பெண்களின் நிலை ஐக்கிய நாடுகள் சபையின் குறியீடுகளில் தாழ்ந்து காணப்பட்டது. எது காரணம், எது காரியம் என்பதைச் சராசரிகள் சொல்லமாட்டா.

என்னை அதிகமாகச் சிந்திக்க வைத்தது பெண்கள் அளித்த விடை. பகைமை வாக்கியங்களைப் பொதுவாக ஆண்களைவிட அழுத்தமாக நிராகரித்த அவர்கள், கியூபா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா ஆகிய நாடுகளில் போற்றுதல் வாக்கியங்களை ஆண்களையும் விஞ்சி ஆதரித்தார்கள். அந்நாடுகளோ ஆண்களின் பகைமை மிக உயர்ந்திருந்தவற்றைச் சேர்ந்தவை. அடிக்கும் கையும் காக்கும் கையும் ஒரே வர்க்கத்தாருடையவையாக இருக்கையில், காப்பதை வேண்டாம் என்று தள்ளுவது எளிதன்று என ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். அப்பெண்களின் விடையை அறியாமை என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கோ அது, தம் நிலைமையைத் தீர அறிந்தவர்கள் கணக்குப் பார்த்துச் சொன்ன விடையாகவே தோன்றுகிறது.