உட்கருவைத் துறந்த சிவப்பணு

தவளையின் இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு சிவப்பணுவின் நடுவிலும் உட்கரு கரும்புள்ளி போல் தெளிவாகத் தெரியும். கோழியின் இரத்தத்திலும் அவ்வாறே. நம் விரல் நுனியில் எடுத்த துளியிலோ, சிவப்பணுக்கள் நடுவில் குழிந்த வட்டத் தட்டுகளாகத் தோன்றுகின்றனவேயன்றி, உட்கருவைக் காணோம்.

அது தொடக்கத்திலேயே இல்லாமற் போனதன்று. எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இளம் அணுவில் பெரிய உட்கரு உண்டு. அவ்வணு சில முறை பிரிந்து பெருகும்போது அதனுள் ஹீமோகுளோபின் நிரம்புகிறது. உட்கருவோ சுருங்கி இறுகி, ஓரத்திற்குத் தள்ளப்பட்டு, முடிவில் வெளியேற்றப்படுகிறது. அருகில் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்கிவிடுகின்றன. நம் உடலில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் அணுக்கள் இவ்வாறு உட்கருவைத் துறக்கின்றன. உட்கரு போனபின் அணு எளிதில் வளைந்து நுண்ணிய குழாய்களில் புகுந்து செல்லவும், ஹீமோகுளோபினுக்கு இடம் மிகவும் வழி உண்டாகிறது என்பர். உட்கருவைச் சுமந்துகொண்டே பருந்து வானில் வட்டமிடுகிறதே என்று கேட்டால், மறுமொழி அத்துணை எளிதன்று.

சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழ்கிறது. அவ்வளவு நாட்களும், உட்கரு போகுமுன் இட்ட கட்டளைப்படி அமைந்த பொருள்களைக் கொண்டே அது காலந்தள்ள வேண்டும். கட்டளையில் பிழையிருந்தால் திருத்துவதற்கு அங்கே எவரும் இல்லை.

அத்தகைய பிழை ஒன்றை நாம் நன்கு அறிவோம். கதிர் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்களை 1910-ஆம் ஆண்டில் சிகாகோ நகர மருத்துவர் ஹெரிக் விவரித்தார். அந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறுவிதமாக நகர்வதை 1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடைய துணைவர்களும் காட்டினர். வேறுபாடு எங்கே உள்ளது என்பதைக் கேம்பிரிட்ஜில் இங்கிராம் சில ஆண்டுகளில் கண்டறிந்தார். 146 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்கவேண்டும். அங்கே வாலின் அமர்ந்திருக்கிறது. உட்கருவிலுள்ள மூன்றெழுத்துக் கட்டளையில் நடுவெழுத்து ஒன்று மாறியதே இதற்குக் காரணம். இவ்வாறு மரபில் நேரும் எழுத்துப் பிழையைத் திடீர் மாற்றம் என்கிறோம்.

பிராணவாயுவை இறக்கியபின் இந்த ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிறது. அணு விறைத்து அரிவாளாகிறது. நுண் குழாய்கள் அடைபடுகின்றன. எலும்பும் மூட்டும் பொறுக்கவொண்ணாத வலி காண்கின்றன. அணுக்களும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அழிந்துபோவதால் சோகை பற்றுகிறது.

இது அயல்நாட்டுச் செய்தியன்று. நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்குறை இருப்பது 1952-இல் வெளியாயிற்று. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா ஆகிய மாநிலங்களின் பழங்குடியினரிடையேயும் இது மிகுதி. பிழையைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு காப்பும் உண்டு. ஆனால் அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய இயக்கம் ஊர் ஊராகச் சோதனை செய்து இவர்களைக் கண்டறிய முயல்கிறது. ஒரு துளி இரத்தத்தை மருந்துநீரில் விட்டு, அது கலங்குகிறதா என்று பார்ப்பதே முதற்சோதனை.

உட்கரு இல்லாத அணுவைத் திருத்த இயலாதாகையால், விஞ்ஞானிகள் மஜ்ஜைக்கே சென்றனர். கருவிலிருக்கும் சிசுவுக்கு உரிய வேறொரு ஹீமோகுளோபின் பிறந்தபின் அடங்கிவிடுகிறது. அதை அடக்கும் பூட்டை மஜ்ஜையின் மூல அணுக்களில் உடைத்துவிடும் சிகிச்சைக்கு 2023-இன் இறுதியில் பிரிட்டனும் அமெரிக்காவும் இசைவளித்தன. அதன் விலை கோடிக்கணக்கான ரூபாய். நம் கிராமத்துத் தாய்க்கு இன்று கைகொடுப்பது ஹைட்ராக்சியூரியா என்னும் மாத்திரை. அதுவும் அதே சிசு ஹீமோகுளோபினைப் பெருக்குவதே.

அந்தச் சிசு ஹீமோகுளோபின் முதற் சில மாதங்கள் குழந்தையைக் காப்பதால், நோயுற்ற குழந்தையும் அப்போது கொழுகொழுவென்றே இருக்கும். தாய்க்கு ஐயம் எழாது. ஆகவே, பிறந்த சில நாட்களிலேயே குதிகாலில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கின்றனர். நோய் உண்டென்று தெரிந்தால், கிருமிகளின் தாக்குதலுக்கு முன்பாகவே பெனிசிலின் கொடுக்கத் தொடங்கலாம்.