கம்ப்யூட்டருக்குக் காவல் இருப்பவர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் சிலமலையில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரே பேச்சுதான். "உன் மகளை எதில் சேர்க்கப் போறே?" முன்பெல்லாம் நர்ஸிங், டீச்சர் டிரெய்னிங் இரண்டில் ஒன்றாக இருக்கும். 2012ல் போடியிலேயே அரசு பொறியியல் கல்லூரி வந்த பிறகு இன்ஜினீயரிங் என்பதும் வாயில் பழகிவிட்டது. இப்போது புதிதாக 'சைபர் செக்யூரிட்டி' என்கிறார்கள். "அது என்ன மதினி, போலீஸ் வேலையா? ராத்திரி டூட்டி பாக்கணுமோ?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தானே!

தகவல் பாதுகாப்பு என்று தமிழில் சொல்லலாம். நம் பாங்க் கணக்கு, ஆதார் எண், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், பிள்ளைகளின் மார்க் என்று எத்தனையோ விஷயங்கள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. அவை அன்னியர் கண்ணில் படக் கூடாது. யாரும் திருத்திவிடக் கூடாது. நமக்கு வேண்டும்போது கிடைக்கவும் வேண்டும். இந்த மூன்றையும் காப்பதுதான் அந்தப் படிப்பு. இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் யார், அவர்கள் கண்டறிந்தது என்ன என்று தெரிந்துகொண்டால், படிக்கப் போகும் மகளுக்கு மட்டுமல்ல, அடுப்படியில் நிற்கும் நமக்கும் லாபம் உண்டு.

சொல்வதற்கு ஓர் இடம்

1988 நவம்பர் 2ம் தேதி. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மாணவர் ராபர்ட் மோரிஸ், தான் எழுதிய ஒரு புரோகிராமை கம்ப்யூட்டர் இணைப்பில் விட்டுவிட்டார். அரிசிப் பானையில் வண்டு பெருகுகிற மாதிரி அது தன்னைத்தானே பெருக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பரவியது. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் அகப்பட்டுக்கொண்டன என்று மதிப்பிட்டார்கள். பல்கலைக்கழகங்களுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும்தான் அடி அதிகம்.

அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஆபத்து வந்தால் யாரிடம் சொல்வது, யார் வந்து உதவுவார் என்று அப்போது ஓர் ஏற்பாடும் இல்லை. அந்த மாதமே கார்னெகி மெலன் என்ற பல்கலைக்கழகத்தில் 'செர்ட்' என்ற அவசர உதவிக் குழுவை ஏற்படுத்தினார்கள். நம் நாட்டில் 2004 ஜனவரியில் 'செர்ட்-இன்' என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது. வந்த துன்பத்தை மறைக்காமல், உடனே, உரிய இடத்தில் சொல்ல வேண்டும் என்பதே இந்தப் படிப்பின் முதல் பாடம்.

நம் பக்கத்தில்

2005ல் மத்திய அரசு தகவல் பாதுகாப்புக் கல்விக்கென்றே ஒரு திட்டம் போட்டு, சென்னை ஐ.ஐ.டி. உள்படப் பல உயர்கல்வி நிலையங்களை அதில் சேர்த்தது. அதே 2005ல் கோயம்புத்தூர் பக்கம் எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு மையம் வந்தது. பேராசிரியர் எம். சேதுமாதவன் தலைமையில் அது வளர்ந்து, எம்.டெக். வரை படிக்க வழி செய்திருக்கிறது.

அதே பல்கலைக்கழகத்தின் அமிர்தபுரி வளாகம் கேரளாவில் கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே விபின் பவித்ரன் என்ற ஆசிரியரின் வழிகாட்டுதலில் 'பயாஸ்' என்று ஒரு மாணவர் குழு உருவானது. 2010 முதல் இவர்கள் மாணவர்களுக்குப் போட்டி நடத்தி வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு ரகசிய வார்த்தையை ஒளித்து வைத்துவிடுவார்கள். அதற்குக் 'கொடி' என்று பெயர். பூட்டில் எங்கே பலவீனம் என்று பார்த்து அதைக் கண்டுபிடித்து எடுக்க வேண்டும். நாம் சின்ன வயதில் ஆடிய கண்ணாமூச்சிதான், போங்கள்! திருடன் புத்தி எப்படிப் போகும் என்று தெரிந்தால்தானே காவல் காக்க முடியும்? பெண்களுக்கென்றே 'டீம் சக்தி' என்று ஒரு குழுவும் அங்கே இருக்கிறது. "பொம்பளைப் பிள்ளைக்கு இது ஒத்து வருமா?" என்பவர்களுக்கு இதுவே பதில்.

பாஸ்வேர்டைத் தைத்த பேராசிரியை

அந்தக் கார்னெகி மெலனில் லாரி கிரேனர் என்று ஒரு பேராசிரியை இருக்கிறார். நம்மைப் போலத் தையலில் ஆசை உள்ளவர். 2009ல் ஒரு கம்பெனியிலிருந்து 3 கோடிக்கு மேல் பாஸ்வேர்டுகள் திருடு போய் வெளியே வந்துவிட்டன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்த 1,000 பாஸ்வேர்டுகளைத் துணியில் அச்சடித்து இவர் ஒரு போர்வையே தைத்துவிட்டார். எது அதிகமோ அது பெரிய எழுத்து. எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது என்ன தெரியுமா? 123456! அதே துணியில் ஒரு கவுனும் தைத்தார்.

ஜனங்களைக் கேலி செய்வதல்ல இவர் ஆராய்ச்சி. மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் அவர் கேள்வி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றியே தீர வேண்டும் என்று அலுவலகங்களில் சட்டம் வைத்திருந்தார்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தார் 2010ல் இதை ஆராய்ந்தார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 100க்கு 17 கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே புதியதை ஊகித்துவிட முடிந்தது. கடைசியில் இருந்த 1ஐ 2 ஆக்கினால் அது புதிய சாவியா? 2016ல் கிரேனர் இதை எடுத்துச் சொல்லி, இந்தக் கட்டாயத்தால் நன்மையைவிடத் தீமை அதிகமாகலாம் என்று எழுதினார். 2017ல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையமும் காரணமில்லாமல் மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது.

இதற்கும் முன்னால், 1999ல், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆன் ஆடம்ஸ், ஆஞ்சலா சாஸே என்ற இரண்டு பெண்கள் எழுதிய கட்டுரையின் தலைப்பே, உபயோகிப்பவர்கள் எதிரிகள் அல்ல என்பதுதான். பத்துப் பன்னிரண்டு பாஸ்வேர்டுகளை ஞாபகம் வைக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் தாளில் எழுதத்தான் செய்வார்கள். குற்றம் ஏற்பாட்டில்தான் என்றார்கள்.

வைதால் திருடனுக்கு லாபம்

எங்கள் தெருவில் ஒரு தங்கச்சி. விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். ஒருநாள் பாங்கிலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்தான். கார்டு நின்றுவிடும் என்று பயம் காட்டி ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டான். மகள் காலேஜ் பீஸுக்குச் சேர்த்த பணம் போய்விட்டது. "வீட்ல தெரிஞ்சா வைவாங்க அக்கா" என்று மூன்று நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலாம் நாள் புகார் செய்தபோது பணம் பல கை மாறிப் போயிருந்தது. அவளை ஏமாற்றியவன் எடுத்தது பாதி என்றால், வீட்டுக்குப் பயந்த பயம் எடுத்தது மீதி.

இதே 2016ல் அந்தக் கிரேனருக்கு என்ன நடந்தது பாருங்கள். அப்போது அவர் அமெரிக்க அரசின் வணிகக் கமிஷனில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி. யாரோ ஒருத்தி செல்போன் கடையில் அவர் பெயரைச் சொல்லி, அவர் நம்பரிலேயே இரண்டு புதுப் போன்களை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவருடைய போன் செத்துப் போனது. அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. உலகமே படிக்கும்படி எழுதினார். அவ்வளவு படித்தவருக்கே நேரும்போது, நம் தங்கச்சிகள் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

வீட்டில் செய்ய வேண்டியவை

* பணம் போனதாகத் தெரிந்த நிமிஷமே 1930க்கு போன் செய்யுங்கள். அவர்கள் பணம் போன கணக்கைப் பின்தொடர்ந்து, பாங்குகள் மூலம் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். திருடன் எடுத்துவிட்டால் பிடிப்பது கஷ்டம். உங்கள் பாங்குக்கும் உடனே சொல்லுங்கள்.

* ஓ.டி.பி. என்பது பணப்பெட்டிச் சாவி. பாங்க் ஆட்களுக்கும் அது தேவையில்லை.

* "உங்கள் மகனைப் பிடித்து வைத்திருக்கிறோம், வீடியோவை அணைக்காதீர்கள்" என்று போலீஸ் உடுப்பில் மிரட்டினால் துண்டித்துவிட்டு, மகனுக்கே போன் செய்யுங்கள். வீடியோ மூலம் கைது செய்ய நம் சட்டத்தில் இடமே இல்லை.

* பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு வார்த்தைகளைக் கோத்து வையுங்கள். பாங்குக்கு வைத்ததை வேறு எதற்கும் வைக்காதீர்கள்.

* ஏமாந்து வந்து நிற்பவரை முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். வைவதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதனால் சகோதரிகளே, உங்கள் மகள் இந்தப் படிப்பைக் கேட்டால் தயங்காதீர்கள். இதற்குக் கணக்கு வேண்டும், பொறுமை வேண்டும். இவற்றோடு மனிதர் மனசைப் புரிந்துகொள்ளும் குணமும் வேண்டும். இது நம் பெண்களுக்குப் புதிதா என்ன? அவள் படித்து முடிக்கிற வரைக்கும் காத்திருக்காமல், இன்றைக்கே கேஸ் புக்கின் அட்டையில் பெரிதாக 1930 என்று எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.