மாணாக்கர் ஆய்வுப் பணியும் மின்தொகுப்பும்

முதுகலை மாணாக்கர் ஒருவர் ஈராண்டுக் காலத்தில் எழுதிய கட்டுரைகள், படியெடுத்த சுவடிகள், களத்திற் சென்று பதிவு செய்த வாய்மொழிப் பாடல்கள் ஆகியவற்றின் பின்னாள் நிலை யாது என வினவின், விடை கூறுதல் எளிதன்று. முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளுக்கு ஓர் உறைவிடம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டில் வகுத்த விதியைத் தொடர்ந்து, அவை மின்வடிவிலும் பெறப்பட்டுச் ‘சோத்கங்கா’ என்னும் களஞ்சியத்தைச் சேர்கின்றன. முதுகலை மாணாக்கரின் உழைப்புக்கு அத்தகைய புகலிடம் பெரும்பாலும் இல்லை. மதிப்பெண் இட்டபின் ஏடு துறை அலமாரியில் அடங்கிவிடும். மாணாக்கர் கையில் எஞ்சுவது மதிப்பெண் சான்றிதழ் ஒன்றே. அவர் எவ்விடத்து ஐயுற்றார், எவ்வாறு தெளிந்தார் என்பவற்றை அச்சான்றிதழ் உணர்த்தாது.

இக்குறையை நீக்கவல்லது மின்தொகுப்பு. ‘டிஜிட்டல் போர்ட்போலியோ’ என வழங்குவதனையே நாம் ஈண்டு அப்பெயராற் சுட்டுகிறோம். பலர் இதனைச் சான்றிதழ்களின் படங்களையும், கருத்தரங்க மேடையில் நின்ற ஒளிப்படங்களையும் இட்டு நிரப்பும் பெட்டியாகக் கொள்கின்றனர். தொகுத்தல் என்னும் தொழிலில் தெரிந்து கொள்ளுதலும் தள்ளுதலும் அடங்கும் என்பது தொகை நூல்களைப் பயிலும் தமிழ் மாணாக்கர்க்குக் கூறாமலே விளங்கும். பதினைந்து கட்டுரைகளை ஏற்றுவதினும், மூன்றனைத் தெரிந்து, அவை உருவான வழியையும் உடன் காட்டுதலே பயனுடைத்து என்பது நம் கருத்து.

வழியைக் காட்டுதல் என்பதனைச் சுவடிப் பணியைக் கொண்டு விளக்குவோம். பழைய ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஏகாரங்களும், ஒகர ஓகாரங்களும் வடிவால் வேறுபடா. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நிற்கும். ஆதலின் ‘கொடு’, ‘கோடு’ என்னும் இரு சொற்களும் ஏட்டில் ஒரே வடிவின. இவற்றுள் எது கொள்ளத்தக்கது என்பதனை யாப்பும் பொருளும் நோக்கியே துணிதல் வேண்டும். ஒரு மாணாக்கர் செம்மையாக்கிய பாடலை மட்டும் தம் தொகுப்பில் வைப்பாராயின், அத்துணிபு முழுவதும் மறைந்துபோம். காண்போர் அதனை அச்சு நூலினின்று எடுத்ததாகவும் எண்ணக்கூடும். அவ்வாறன்றி, ஓலையின் ஒளிப்படத்தை முதலிலும், எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்த்த படியை அதன் கீழும், புள்ளியிட்டுச் சீர் பிரித்த வடிவத்தை அதன் பின்னும் வைத்து, ‘இவ்விடத்துக் கோடு எனக் கொண்டேன், காரணம் இது’ என நான்கு வரி எழுதுவாராயின், அவ்வொரு பக்கமே அவர்தம் புலமைக்குச் சான்றாகும். முதலில் தவறாகப் படித்துப் பின்னர்த் திருத்தியிருப்பின், அத்தவற்றையும் நீக்காது வைத்தல் நன்று. இதனை மாணாக்கர் பலர் நாணுகின்றனர். நாம் அதனையே பெரிதும் விரும்பிப் படிக்கிறோம்.

இம்முறை நமக்குப் புதிதன்று. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, தமக்குக் கிடைத்த ஏட்டுப் பிரதிகளையும் அவற்றை உதவினோரையும் முகவுரையிற் குறித்தார். தம் முடிபுக்கு அடியான பொருளைப் பிறர் முன் வைக்கும் அவ்வொழுக்கமே மின்தொகுப்புக்கும் வேண்டுவது.

மற்றொரு காரணமும் உண்டு. கட்டுரையைப் பொறியே நொடியில் எழுதித் தரும் காலம் இது. நன்கு முடிந்த கட்டுரை ஒன்றைக் கண்டவுடன் இஃது இம்மாணாக்கர் எழுதியதுதானா என ஐயுறும் நிலைக்கு ஆசிரியர் வந்துவிட்டனர். முதல் வரைவும், ஆசிரியர் திருத்தமும், மறுவரைவும் நாள் குறிக்கப்பெற்று உடன் இருப்பின் அவ்வையம் பெரிதும் நீங்கும். ஆசிரியர் எழுதித் தந்த பகுதியைத் தம்முடையதாகக் காட்டாமை சொல்லாமலே அமையும் எனினும், சொல்லியே வைக்கிறோம்.

இனி எழுத்துருச் சிக்கல். நம்மிடம் பயின்ற மாணவி ஒருவர் தம் ஊர்ப்புறத்துத் தாலாட்டுப் பாடல்களை அரிதின் முயன்று திரட்டி, ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்துக் கணினியில் ஏற்றினார். பின்னர் ஒரு கல்லூரியின் நேர்காணலில் அக்கோப்பைத் திறந்தபோது, திரையில் தமிழ் தோன்றவில்லை. உரோமன் எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே தோன்றின. தேர்வாளர் சிறிது பொறுத்திருந்து அடுத்த வினாவுக்குச் சென்றுவிட்டனர். அவர் திரட்டியவற்றுள் ஒரு பாடலையேனும் அவர்கள் காணவில்லை. நிகழ்ந்தது இதுவே: பழைய எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்குரிய குறியிடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி அமைந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் வடிவம் மறைந்து அடியிலுள்ளதே வெளிப்படும். ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே தமிழுக்குத் தனி இடம் அளித்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. எனினும் அச்சுக்கூடங்கள் சிலவற்றில் பழைய எழுத்துருக்கள் இன்றும் வழங்குகின்றன. ஆதலின் பிறரிடம் தட்டச்சுக்குக் கொடுப்போர் ஒருங்குறியிலேயே பெறுதல் வேண்டும். பழங்கோப்பு உடையோர் மாற்றியைக் கொண்டு மாற்றியபின், வரிவரியாக ஒப்புநோக்குதல் வேண்டும். மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் பிறழ்தல் உண்டு. சுவடி எண்களைப் பெயர்ப்போர் ஒன்றனைக் குறிக்கும் ‘௧’ என்பதற்குக் ககரத்தை இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. பின்னர்த் தேடுங்கால் அவ்வெண் அகப்படாது.

தொகுப்பை வைக்கும் இடமும் நிலையானதன்று. 1994இல் தோன்றிப் பல்லாயிரவர் தம் பக்கங்களை இலவசமாக அமைத்த ‘ஜியோசிட்டீஸ்’ 2009இல் மூடப்பட்டது. இலவச இடங்களை நம்புவோர் தம்மிடம் ஒரு முழுப்படி வைத்திருத்தல் வேண்டும். துறையின் வன்தட்டில் மற்றொன்று இருத்தல் நலம். பக்கத்தின் தோற்றம் மாறாதிருக்கப் பிடிஎஃப் வடிவமும், தேடுதற்கும் பின்னாளில் எடுத்தாளுதற்கும் எளிய உரைக்கோப்பும் என இரண்டும் வேண்டும். வண்ணம், அலங்காரம் பற்றி நாம் கூறுதற்கு அதிகம் இல்லை. எழுத்து தெளிவாகத் தெரிந்தாற் போதும்.

களப்பதிவுகளில் மட்டும் ஒரு தடை உளது. ஒப்பாரி பாடிய மூதாட்டி, தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மாணவி ஒருவர்க்காகப் பாடினார். உலகோர் அனைவரும் கேட்க இசைந்தாரல்லர். அப்பாடலில் இறந்தவர் பெயரும், குடும்பத்துப் பூசலும் வரும். ஒலியையும் முகத்தையும் ஊர்ப்பெயரையும் வெளியிடுமுன், எங்கே யார் கேட்பர் என்பதை அவர்க்கு விளங்கும் சொல்லால் எடுத்துக் கூறி இசைவு பெறல் வேண்டும். இசையாவிடின் பாடலின் வரிவடிவத்தைப் பெயர்கள் நீக்கி வைக்கலாம். அதற்கும் அவர் உடன்படல் வேண்டும். ‘ஒலிப்பதிவு என்னிடம் உளது, பாடியவர் விருப்பப்படி வெளியிடவில்லை’ என்று ஒரு வரி எழுதினால், தேர்வாளர் அதனைக் குறையாகக் கருதார்.

மேற்கூறிய மாணவி தம் பாடல்கள் அனைத்தையும் ஒருங்குறியில் தாமே மறுபடியும் தட்டெழுதினார். அவ்வாறு எழுதுங்கால், தட்டச்சு நிலையத்தார் ‘திருத்தி’ எழுத்து வழக்காக்கிவிட்ட வட்டாரச் சொற்கள் பலவற்றைக் கண்டு, ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு மீட்டார். இப்போது அவர் தொகுப்பின் முதற்பக்கத்தில் அச்சொற்களின் பட்டியலே உளது.