மூன்று கூறு

ராமேஸ்வரம் மீன்கடையில் காரலையும் சாளையையும் கூறு கட்டி வைத்திருப்பார்கள். தராசு கிடையாது. கண்ணால் அளந்து, "இந்தக் கூறு" என்று கை நீட்ட வேண்டியதுதான். மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துக்குளிப்பும் இப்படிக் கூறு கட்டுவதை நம்பித்தான் நடந்தது. அந்த முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று பெயர்.

முத்துச்சிப்பி, கடலடியில் 'பார்' எனப்படும் பாறைத்திட்டுகளில் கூட்டமாக ஒட்டி வளரும். நாலைந்து வயதானால்தான் முத்து தேறும். ரொம்ப நாள் விட்டால் சிப்பியே செத்துப்போகும். அதனால் சலாபம் வருடா வருடம் வராது. முன்கூட்டியே மாதிரிச் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை விலை மதித்து, கட்டும் என்றால்தான் அரசு அறிவிக்கும். அறிவித்துவிட்டால் கீழக்கரை முஸ்லிம்கள், தூத்துக்குடிப் பரதவர்கள், அரபிகள், வெளியூர் முத்து வணிகர்கள் என்று வெறும் மணல்கரையில் ஒரு நகரமே முளைக்கும். இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டியில் 1905-இல் எடுத்த சிப்பி 8 கோடிக்கு மேல்.

கூட்டத்தைக் கூட்டுகிற அரசும் உயிரைப் பணயம் வைத்து முங்குகிறவரும் ஒத்துப்போவது எப்படி? திறக்காத சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது.

நள்ளிரவுக்கு மேல் கரைக்காற்றில் தோணிகள் கிளம்பும். ஆழம் 5 முதல் 10 பாகம், அதாவது 30 முதல் 60 அடி. கல்லில் கால் வைத்து இறங்கி, ஒரே மூச்சில் அள்ளிய சிப்பியைக் கூடையில் போட்டு மேலே வரவேண்டும். நண்பகல் வேட்டுச் சத்தத்தோடு வேலை முடியும். கரைக்கு வந்ததும் 'கொட்டு' என்கிற அடைப்புக்குள் சிப்பியைக் குவிப்பார்கள். சூட்சுமம் அங்கேதான். குளித்தவர்களே மூன்று கூறு கட்டுவார்கள். அதிகாரி இரண்டைக் காட்டுவார், அவை அரசுக்கு. மிஞ்சியது அவர்களுக்கு. எது மிஞ்சும் என்று கட்டுகிறவருக்குத் தெரியாதே! ஒன்றைச் சிறுக்கவைத்தால் அதுவே தன் தலையில் விழும். காவல் இல்லாமலே மூன்றும் சமமாகிவிடும். (வரும் வழியில் தோணியிலேயே சிப்பியைப் பிளந்து முத்தைச் சுருட்டுவது வேறு கதை. அதற்குக் காவல் போட்டும் முழுசாக அடக்க முடியவில்லை.)

அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி, பித்தளைச் சல்லடைகளில் சலித்து, முதல்தரமான ஆணியிலிருந்து தூள் வரை தரம் பிரிப்பார்.

மூன்றில் இரண்டு பெரும்பங்குதான், மறுக்கவில்லை. ஆனால் பார் பொய்த்தால் அரசுக்கும் நட்டம். இதேபோலக் கூட்டம் கூட்டும் இன்றைய பொருட்காட்சியிலோ கடைக்காரர் வாடகையை முன்னாலேயே கட்டிவிடுகிறார். கூட்டம் வராவிட்டால் அமைப்பாளருக்கு என்ன போயிற்று?

இப்படி வாடகையை மட்டும் வாங்கிக்கொள்ளும் ஆசை 1906-இல் இலங்கை அரசுக்கும் வந்தது. ஒரு லண்டன் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகை, வருடத்துக்கு 3,10,000 ரூபாய். 1907-க்குப் பிறகு பார்களில் சிப்பி இல்லை. 1912-இல் கம்பெனியை மூடினார்கள். இந்தியக் கரையில் கடைசிச் சலாபம் 1961-இல் தூத்துக்குடியில் முடிந்தது. கீழக்கரையில் இப்போது சங்குக்குத்தான் முங்குகிறார்கள்.