உங்களுக்குத் தெரியுமா? தலையில் அடிபட்டவரிடம் தாதி ஏன் பெயர் கேட்கிறார்?

கொட்டகலைத் தோட்டங்களின் செங்குத்துச் சரிவில் கொழுந்து பறிப்பவர் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், காயத்தோடு நினைவு, கண், காது மூன்றையும் தாதி சோதிப்பார்.

● நினைவு: 1974இல் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். ஆகக் குறைந்தது 3. புள்ளி 8 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் நிலைமை கடுமையானது.

● கண்: டோர்ச் வெளிச்சம் பட்டதும் இரு கண்மணிகளும் சுருங்க வேண்டும். ஒன்று மட்டும் விரிந்தபடி நின்றால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறதோ என்று சந்தேகித்து டொக்டரை உடனே அழைப்பார்கள்.

● காது: அடிபட்டபின் காதிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால் மண்டையோடு முறிந்திருக்கலாம். பஞ்சு வைத்து அடைக்காதீர்கள்.

● மொழி: பேச்சுக்கான புள்ளியைக் கணிக்கத் தாதி கேட்பவை: “உங்க பேரு என்ன? இப்ப எங்க இருக்கீங்க? இது என்ன மாசம்?” இவற்றைச் சிங்களத்தில் கேட்டால், தமிழ் மட்டும் தெரிந்தவர் தெளிவாக இருந்தும் தடுமாறுவார், குழப்பம் என்று புள்ளி குறைந்துவிடலாம். கூடப் போகிறவர்கள் “தமிழில் கேளுங்கள்” என்று தயங்காமல் சொல்லுங்கள். அது நோயாளியின் உரிமை.

கவனம்: திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். இலவச அம்புலன்ஸ் சேவை: 1990.